விகுதி

ஈரக் காலோடு அவன் பதிப்பகத்துக்குள் வந்து நின்றான். வாசலிலிருந்து மேசை வரைக்கும் பளபளக்கும் தரையில் கறுப்புத் தண்ணீர்த் தடம்.

"அடைப்பு பின்பக்கம்பா. சுத்திப் போ," என்றார் பதிப்பாசிரியர், தலையை நிமிர்த்தாமலே. மறுநாள் அச்சுக்குப் போக வேண்டிய நாவல் அவர் முன்னால் கட்டாகக் கிடந்தது.

"அடைப்புக்கு வரல சார். அந்த நாவலுக்காக வந்தேன்."

பதிப்பாசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். அவன் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது, நின்றபாடில்லை. கிட்டே வந்து, காகிதத்தில் படாமல் விரலை நீட்டிக் காட்டினான்.

"நூத்திப்பன்னண்டாம் பக்கம் பாருங்க. ஆளைச் சாக்கடைக் குழியில எறக்கிவிட்ட கான்ட்ராக்டர் 'வந்தார்', 'சிரித்தார்'. எறங்கின ஆள் மட்டும் 'செத்தான்'."

"அது வழக்கம்பா. கதையில கூலி வேலை செய்யறவங்களை அப்படித்தான் எழுதுவோம். யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

"எம் பொண்ணு படிக்கிற ஸ்கூல் லைப்ரரிக்கு இந்தப் புத்தகம் போகுது சார். இது யார் கதைன்னு அவளுக்குத் தெரியும். அப்பா 'செத்தான்'னு அவ படிக்கக் கூடாது."

அது ஓர் உண்மைச் சம்பவத்தை வைத்து எழுதிய நாவல். குழிக்குள் இறங்கியவன் உயிரோடு மேலே வரவில்லை.

பதிப்பாசிரியர் சிவப்புப் பேனாவை எடுத்தார். பக்கம் பக்கமாக 'ன்' அடிபட்டு 'ர்' ஆனது, மொத்தம் நாற்பத்தொரு இடம். கடைசி இடத்தில் 'இறந்தார்' என்று எழுதப் போனார்.

"'செத்தார்'னே போடுங்க சார். பூசி மெழுக வேணாம்."

படித்த மனிதர், முப்பது வருஷமாகப் புத்தகம் போடுகிறவர். இத்தனை நாளாக இது அவர் கண்ணில் படவில்லையே என்று நினைத்தால் நமக்கே வெட்கமாக இருக்கிறது.

"மன்னிச்சிடுங்க," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவன் தலையசைத்தான். வாசல் வரை போனவன் அங்கேயே நின்று திரும்பினான்.

"இன்னும் எங்கயாவது விட்டுப்போச்சுங்களா?" என்று கேட்டார் பதிப்பாசிரியர்.

"உங்க பக்கம் ஒண்ணுமில்ல சார்," என்றான். பிறகு யாருமே இல்லாத மூலையை நிமிர்ந்து பார்த்தான்.

"கதை சொல்றவரே, நீங்களும் என்னை 'அவன்'னுதானே சொல்லிட்டிருக்கீங்க?"