ஒத்தை ஷாஃப்ட்

"யோவ் வெர்லின்! என் வண்டியை என்னய்யா பண்ணி வெச்சிருக்கே?"

கோல்பி கத்திக்கொண்டே பட்டறைக்குள் நுழைந்தான். பள்ளிப் படிப்பே இன்னும் முடியவில்லை. வெர்லினுக்குப் பேரன் வயது. கான்சாஸில் எங்கள் பக்கத்துப் பையன்கள் பெரியவர்களிடம் 'சார்' போடாமல் பேச மாட்டார்கள். அன்றைக்கு அவன் போடவில்லை.

உரம் தூவும் இயந்திரத்தில் ஒரு பாகத்துக்கு வெல்டிங் வைக்கப் போயிருந்த நானும், பால் பண்ணை டுவெய்னும் காப்பிக் கோப்பையோடு திரும்பிப் பார்த்தோம்.

"அறுபது மைலைத் தாண்டினா ஸ்டியரிங்லேருந்து சீட்டு வரைக்கும் நடுங்குது. பல்லெல்லாம் கழண்டு கையில வந்துடும் போலிருக்கு!"

"அறுபதுக்குள்ள ஓட்டு" என்றார் வெர்லின், வெல்டிங் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல்.

டுவெய்ன் சிரித்துவிட்டான். "நல்ல ரிப்பேர்! கால் வலின்னு போனா, நடக்காதேன்னு அனுப்பற டாக்டர் மாதிரி."

"அடியில படுத்துப் பார்த்துட்டேன்" என்றான் கோல்பி. "எங்கப்பா விட்டுட்டுப் போன இந்த பிக்கப் வண்டில கியர்பாக்ஸ்லேருந்து பின்சக்கரம் வரைக்கும் ரெண்டு துண்டு ஷாஃப்ட் இருந்துது. நடுவுல தாங்கறதுக்கு ஒரு பேரிங். அதையெல்லாம் கழட்டிப் போட்டுட்டு ஒரே நீளக் குழாயா மாட்டி வெச்சிருக்கே."

"பழைய பேரிங் போயிடுச்சு. ஒத்தை ஷாஃப்ட்னா பேரிங் தொல்லையே கிடையாது. உறுதி."

"அவ்வளவு நீளத்துக்கு ஒத்தைக் குழாய் போட்டா வேகத்துல வளைஞ்சு ஆடும்னு எனக்கே தெரியுது. உனக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன? சுற்று வட்டாரத்தில் பாதி லாரிகளுக்கு ஷாஃப்ட் செய்து கொடுத்த மனிதர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா இல்லாத வீடு அது. போன இலையுதிர் காலத்தில்தான் மூத்தவன் ஷெல்டனையும் பறிகொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை கால்பந்து ஆட்டம் முடிந்ததும் தானியக் கிடங்குக்குத் தெற்கே இருக்கிற நேர் ரோட்டில் பையன்கள் பந்தயம் விடுவது இங்கே வழக்கம். ஷெல்டன் ஓட்டிய கார் உருண்டுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோல்பி மட்டும் பிழைத்தான். ஷெல்டனுக்கு வேகப் பைத்தியம் என்று ஊரே பேசியது. நானும் பேசினேன்.

"ஒரு பேரிங்கை மிச்சம் பிடிக்க உங்களுக்கு இந்த வீடுதானா கிடைச்சுது?" என்று கேட்டே விட்டேன்.

டுவெய்ன் கோப்பையைக் குப்பையில் போட்டான். "என் டிராக்டரை நான் அடுத்த ஊர்லயே கொடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். மதியத்துக்குள் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிடுவான்.

அவன் வண்டி சத்தம் அடங்கியதும் வெர்லின் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, உங்கம்மா ரோண்டா வந்திருந்தா. வண்டி இல்லாம பையனால வேலைக்குப் போக முடியாது, ஆனா அது வேகமா ஓடக் கூடாது, ஏதாவது பண்ணுன்னா. அதெல்லாம் முடியாதும்மான்னேன். இதோ, இந்த எண்ணெய்த் தரையில உட்கார்ந்துட்டா. 'இன்னொரு சவப்பெட்டியைப் போய்ப் பொறுக்கி எடுக்க என்னால முடியாது வெர்லின்'னா."

கோல்பி அசையாமல் நின்றான்.

"அதான் வேணும்னே ஒத்தையா போட்டேன். குழாய் எவ்வளவு ஒல்லியோ அவ்வளவு சீக்கிரம் நடுங்கும். அறுபதுக்குன்னு அளவு பார்த்துப் போட்டது. உடைஞ்சாலும் ரோட்டுல குத்தாம இருக்க அடியில ஒரு இரும்பு வளையம் மாட்டியிருக்கேன். ஆனா வண்டி உன்னோடது. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு, பழையபடி ரெண்டு துண்டா மாத்திடறேன். உங்கம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கோல்பி கதவு வரைக்கும் போனான். கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டான். அம்மாவைத் திட்டப் போகிறான் என்றுதான் நினைத்தேன்.

"ஷெல்டனுக்கு வேகம் பிடிக்காது சார்" என்றான் கதவைப் பார்த்தபடியே.

கைப்பிடியை விட்டான்.

"அன்னிக்கு அவன் ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடுத்துட்டான். 'போதும்டா, வீட்டுக்குப் போலாம்'னான். தோத்துடுவோமேன்னு நான்தான் அவன் முட்டியைப் பிடிச்சு அழுத்தினேன்."

வெர்லின் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவன் உட்காரவில்லை.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது. ஊரே அவனைத் திட்டினப்பக்கூட நான் வாயைத் திறக்கலை."

திரும்பி வந்து வண்டிச் சாவியை வெர்லின் கையில் வைத்தான்.

"இதைவிட ஒல்லிக் குழாய் இருந்தா அதைப் போடுங்க சார். நாப்பதுலயே நடுங்கட்டும்."