வில்யா நின்ற இடம்

"போச்சு, நின்னுட்டா!"

தொர்கைர் கூட்டத்துக்கு மேலே எம்பிப் பார்த்தார்.

மே பதினேழு, தேசிய நாள் ஊர்வலம். வோஸ் ஊரே கொடியும் கையுமாகத் தெருவோரம் திரண்டிருந்தது. பள்ளி பேண்டின் முன்வரிசையில் சின்ன டிரம்மைத் தட்டிக்கொண்டு வந்த அவருடைய ஒன்பது வயது மகள் வில்யா, ஜீப்ரா கோட்டைக் கண்டதும் சட்டென்று நின்றுவிட்டாள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளை. வெள்ளைப் பட்டைகளை எண்ணி முடிக்காமல் ஓரடி நகரமாட்டாள்.

பின்னால் மொத்த பேண்டும் நின்றது. இசையும் அறுந்தது. கடைசி வரிசையில் இரண்டு டிரம்பெட் மட்டும் தனியாகப் பீறிட்டு அடங்கின.

"என்னய்யா, நடுரோட்டுல சார்ஜ் தீர்ந்துபோச்சா?" பக்கத்தில் ஐஸ்கிரீமும் கையுமாக நின்றவர் சிரித்தார்.

தொர்கைர் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாம் இசை சிகிச்சை தரும் பெரித்தால் வந்த வினை. வில்யா தட்டினால் அவளும் தட்டுவாள். இவள் நிறுத்தினால் அவளும் நிறுத்துவாள். இரண்டு வருஷமாக இதுதான் சிகிச்சை. வாயே திறக்காத பிள்ளை அந்த அறையில்தான் முதன்முதலாக "இன்னொரு தடவை" என்று கேட்டாள், அதை மறுப்பதற்கில்லை.

"ஆனா வெளிய யாரும்மா இவ இஷ்டத்துக்கு வாசிப்பாங்க? நாலு பேரோட ஒத்துப்போகக் கத்துக்கொடு" என்று அவர் தலைபாடாக அடித்துக்கொண்டார்.

"பேண்டுல சேர்த்துவிடுங்க. ஹால்வர்டுகிட்ட நான் பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டாள் அவள்.

பேண்டு மாஸ்டர் ஹால்வர்ட் லேசுப்பட்டவர் இல்லை. அரைத் தாளம் பிசகினாலும் ஆளை வெளியே அனுப்பிவிடுவார். இப்போது அவர் முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது.

வில்யா எண்ணி முடித்து நடந்தாள். பேண்டும் நகர்ந்தது.

ஊர்வலம் திடலில் கலைந்ததும் தொர்கைர் ஓடினார். விடியற்காலையிலேயே சீருடை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை. நாளையிலிருந்து வராதே என்றால் தாங்குவாளா?

"மன்னிச்சிடுங்க ஹால்வர்ட். ஊர் முன்னாடி உங்க மானம் போச்சு. இவளை நானே கூட்டிட்டுப் போயிடறேன்."

"மானம் போச்சுதான்! ஆனா இவளை எங்கய்யா கூட்டிட்டுப் போறீங்க?" அவர் சீறினார். "ஜிம் தரையில வெள்ளை டேப் ஒட்டி மூணு மாசம் பழகியிருக்கோம். பெரித் வந்து பக்கத்துல நின்னு சொல்லிக்கொடுத்தா. வில்யா நின்னா நிக்கணும், வில்யா தட்டினா மறுபடி வாசிக்கணும். இருபத்தெட்டு பேர் டாண்ணு நின்னாங்களா இல்லையா?"

தொர்கைருக்கு, இவள் என் மகள் என்று திடலெல்லாம் கேட்கக் கத்த வேண்டும் போலிருந்தது.

ஹால்வர்டின் கோபம் மட்டும் தணியவில்லை. திரும்பிப் பார்த்துக் கத்தினார்:

"அந்த ரெண்டு டிரம்பெட்டும் இங்க வாங்கடா! வில்யா நின்னதுக்கப்புறம் எவன்டா உங்களை வாசிக்கச் சொன்னது?"