நியூட்டுக்குத் துணை சொன்னவன்

“என் வீட்டுக்காரிகூட இங்கன நின்னு பேசிச் சிரிச்சுக்கிட்டிருந்தானே, அவன் யாருவே?”

சிராஜுதீன் மீன் தொட்டிக்குள் விட்டிருந்த கையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். அவருடைய பாளையங்கோட்டை வண்ணமீன் கடையில் அந்த நேரம் வேறு ஆள் இல்லை. கிருபைராஜ் வாத்தியார் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை மேசைமேல் வைத்தார். உள்ளே தொட்டித் தண்ணீரில் வளர்க்கிற இரண்டு நியூட்டுகள், பல்லி போன்ற உடம்பும் செம்மஞ்சள் வயிறுமாக, ஈரப் பாசியில் கிடந்தன.

“உக்காருங்க சார். வெயில்ல இதுகளைத் தூக்கிட்டா வந்தீங்க? சூடு ஆகாதே.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லும். பாக்கியவதி போய்ச் சேர்ந்துட்டா. இனி மறைச்சு யாருக்கு என்ன ஆகப்போவுது? இதுல ரெண்டாவது நியூட்டை வாங்கச் சொன்னது அவன்தானே?”

“ஆமா சார். அம்மா கப்பி மீன்தான் கேட்டாவ. பாவம் ஒத்தையில கிடக்கு, நாலு கலர் மீனைத் துணைக்கு விடுவோம்னாவ. அவருதான் கூடாதுன்னாரு.”

“ஏனாம்?”

“மீன் போய் இதோட வாலைக் கடிக்கும். இது தோல்ல ஊறுத விஷத்துல மீனு செத்துப்போகும். வேற வகை நியூட்டைப் போட்டா அதுவும் ஆபத்துதான். சேர்ந்து இருக்கணும்னா இதே இனமா, இதே அளவுல இருக்கணும்னாரு. நான் அதுவரை எல்லாத்தையும் ஒரே தொட்டியில போட்டு வித்துக்கிட்டிருந்தவன்.”

“பெரிய மேதாவி. அவ என்ன சொன்னா? சண்டைக்குப் போயிருப்பாளே.”

“இல்ல சார். ‘நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்’னாவ.”

வாத்தியார் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அப்படியா சொன்னா?”

“அப்படித்தான் சொன்னாவ.”

“ஆளு எப்படி? பார்க்க லட்சணமா இருப்பானோ?”

“நல்ல உயரம். தேய்ச்ச வெள்ளைச் சட்டை. அம்மாவோட காய்கறிப் பையை அவருதான் தூக்கிட்டு வருவாரு.”

“பையை வேற தூக்குனானா?”

“முருங்கைக்காய் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும் சார். அதைப் பார்த்து அம்மா கேலி பண்ணுவாவ. அதுக்குத்தான் அந்தச் சிரிப்பு.”

“வெட்கங்கெட்ட பய,” என்றார் வாத்தியார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். “அவ அடக்கத்துக்கு வந்தானா?”

“வந்தாரு. எல்லாரும் மண்ணு போட்டுட்டுக் கிளம்புன பிறகும் கல்லறைத் தோட்டத்துலயே நின்னாரு. அவரைக் கூட்டிட்டுப் போறதுக்குள்ள பெரும்பாடு ஆயிட்டு.”

“நான் பார்க்கலியே.”

சிராஜுதீன் சுவிட்சுப் பக்கம் திரும்பினார். மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியின் வேகத்தைக் கூட்டி வைத்தார்.

வாத்தியார் டப்பாவின் மூடியைத் திறந்தார். “இதுல அவன் வாங்குனதை நீரே வச்சுக்கிடும். அவன் பார்த்து எடுத்தது என் வீட்டுல கிடக்க வேண்டாம். அதுக்குப் பதிலா கப்பி மீனைப் போட்டுத் தாரும். அவ ஆசைப்பட்டுக் கேட்டதை நானாவது வாங்கிக் கொடுத்த மாதிரி இருக்கும்.”

“மீனை விட்டா அம்மா வளர்த்ததும் போயிருமே சார்.”

“போனாப் போவுது. இதுல எதுவே அவன் எடுத்தது?”

“தெரியலியே. ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு.”

வாத்தியார் குனிந்து பார்த்தார். ஒன்றின் முதுகின்மேல் மற்றது காலைத் தூக்கிப் போட்டிருந்தது. விரலை உள்ளே கொண்டுபோனார். எதைத் தொடுவது என்று தெரியாமல் வெளியே எடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. “அவ கையால இரை கொடுத்தது எதுன்னுகூட எனக்குத் தெரியலவே,” என்றார்.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. அவருடைய மகள் ஃபெபி மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

“எங்கெல்லாம் தேடுதேன். சொல்லாம வந்துட்டீங்களேப்பா.” சிராஜுதீன் பக்கம் திரும்பினாள். “என்னண்ணே, இன்னைக்கும் அந்த ஆளைப் பத்தித்தான் கேட்டாவளா?”

“ஆமாம்மா. நான் கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னேன். நேரடியாச் சொன்னா அன்னைக்கு மாதிரிக் கோவப்பட்டு எழுந்து போயிருவாவ.”

ஃபெபி டப்பாவை மூடி எடுத்துக்கொண்டாள். இன்னொரு கையால் வாத்தியாரின் தோளைப் பிடித்தாள்.

“அப்பா, அது நீங்கதான். அம்மாகூட இந்தக் கடைக்கு வந்தது நீங்க மட்டும்தான்.”

கிருபைராஜ் மகளை இரக்கத்தோடு பார்த்தார். “நானா? நான் சொல்லி உங்கம்மா என்னைக்கும்மா கேட்டிருக்கா?”