குளோரைடு டப்பா

"ஆக்சிஜன்னு சொன்னே. இப்ப ஆக்சைடுங்கிறே. யார்கிட்ட கதை விடுறே?" பெரியவர் பேத்தியை விடுவதாக இல்லை.

பேத்தி கட்டைவிரலில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டே சொன்னாள். "கால்சியம் எலக்ட்ரானைக் கொடுக்கிற ஆளு, தாத்தா. அது பேரு முன்னாடி, அப்படியே வரும். ஆக்சிஜன் வாங்கிக்கிற ஆளு. பேரு பின்னாடி வரும், வாலும் மாறிடும். கால்சியம் ஆக்சைடு. சுட்ட சுண்ணாம்பு."

"வாங்கினவன் பேரை மாத்திக்கிட்டுத் திரியறது அங்கயும் உண்டா? சரி, மேல சொல்லு."

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர் வேதியியல் புத்தகமும் கையுமாக இருப்பதைப் பார்த்து மருமகளுக்கே ஆச்சரியம். "பரீட்சை அவளுக்குத்தானே மாமா? நீங்க ஏன் மண்டைய உடைச்சுக்கிறீங்க?"

"வாத்தியார்களை நம்பிப் பிள்ளைய விட முடியுமா?" என்றார். பிறகு பேச்சுவாக்கில் கேட்பதுபோல, "ஆமா, இந்தச் சாப்பாட்டு உப்புக்கு என்ன பேரு?"

"சோடியம் குளோரைடு."

"எப்படி?"

"சோடியம் கொடுக்குது. குளோரின் வாங்கிக்கிட்டுக் குளோரைடு ஆயிடுது."

பெரியவர் மனசுக்குள் கணக்குப் போட்டுச் சரிபார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

கால் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததிலிருந்து அவருக்கு உப்பு கிடையாது. டாக்டர் அடித்துச் சொல்லிவிட்டார். மருமகளும் விடாப்பிடியாக, ஒரே மாதிரி இருந்த டப்பாக்களில் உப்பு, சோடா என்றிருந்த பழைய பேரையெல்லாம் கிழித்துவிட்டுப் பேத்தியை விட்டுப் புத்தகத்துப் பேராக ஒட்டவைத்திருந்தாள். கேட்டால், பேத்தி படிக்கிறதுக்காம்! இவருக்கா தெரியாது?

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடே தூங்கியது. மடியில் ஒரு அவித்த முட்டையோடு பெரியவர் பூனை மாதிரி சமையலறைக்குள் நுழைந்தார்.

எழுத்துக் கூட்டிப் படித்தார். சோ... டி... யம் பைகார்பனேட். 'நீ சோடா. தள்ளு.' அடுத்த டப்பா, சோடியம்... குளோரைடு. 'வந்தியா வழிக்கு!'

முட்டையைப் பிளந்து தாராளமாகத் தூவினார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கடி.

சோப்பைக் கடித்த மாதிரி இருந்தது. த்தூ த்தூவென்று தொட்டியில் துப்பினார். "திருட்டுக் கழுதை! பாடத்தையே தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கா!"

முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் நீண்டது. பேத்தி நின்றுகொண்டிருந்தாள்.

"பாடம் சரிதான் தாத்தா. டப்பாவுலதான் பேரை மாத்தி ஒட்டினேன்."