தலை நீட்டிய தகடு

சூரியனைப் போல எரியும் பிளாஸ்மா என்ற அனல் வாயுவை அடைத்து வைக்க ஓர் உலை இருந்தது. அதன் உட்சுவர் முழுக்க டங்ஸ்டன் தகடுகள். பொருத்தும்போது ஒரே ஒரு தகடு மட்டும் முடியளவு வெளியே துருத்திக்கொண்டு நின்றுவிட்டது.

"கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காரப்பா. அனல் வந்தால் முதலில் உன் மேல்தான் பாயும்" என்றது பக்கத்துத் தகடு.

"உலோகங்களிலேயே கடைசியாக உருகுகிற சாதி நம் சாதி. எனக்கென்ன பயம்? இங்கிருந்தால்தான் நாலு பேர் கண்ணில் படலாம்" என்றது அது.

பிளாஸ்மா மூண்டது. துருத்திய விளிம்பு உருகி, ஒரு சொட்டாகப் பிளாஸ்மாவுக்குள் விழுந்தது. பிளாஸ்மாவின் சூட்டுக்கு முன்னால் அந்த உருகிய சொட்டும் பனித்துளிதான்.

"யாரது உள்ளே வந்தது, குளிருகிறதே" என்று வெடவெடத்த பிளாஸ்மா, அடுத்த நொடியே அணைந்துபோனது.

"பார்த்தாயா, சூரியனையே அணைத்துவிட்டேன்" என்றது தகடு.

"அது எரியத்தானே நம்மை இங்கே வைத்தார்கள்" என்று முனகியது பக்கத்துத் தகடு.

பொறியாளர்கள் உலையைத் திறந்து, அந்தத் தகட்டை மட்டும் கழற்றி, வாசல் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும் நின்று, குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தகட்டுக்குப் பெருமை தாங்கவில்லை.

பெட்டியின் வெளிப்பக்கம் ஒட்டியிருந்த சீட்டு மட்டும் அதன் கண்ணில் படவில்லை. "இப்படிப் பொருத்தக் கூடாது" என்று அதில் எழுதியிருந்தது.