அறுபது பேர் வருகிறார்கள்

"ஞாயித்துக்கிழமை நீ ஏரிக்குப் போகக்கூடாது," என்றார் கணவர், காலுறையை இழுத்துவிட்டபடி.

"போவேன்," என்றாள் மனைவி. தொலைநோக்கியைத் துடைப்பதை அவள் நிறுத்தவில்லை.

"இந்த வயசுல சேத்துல இறங்கிக் கொக்கும் குருவியும் பார்க்கணுமா? நாலு பேர் சிரிப்பாங்க."

"நாலு பேர் இல்லைங்க, அறுபது பேர் வராங்க. இந்த வாரம் பார்த்த பறவைங்களோட பட்டியலை எங்க பறவை பார்க்கிறவங்க குழுவுல போட்டேன். முக்குளிப்பான் குஞ்சு பொரிச்சிருக்குன்னதும் ஆளாளுக்குப் பேர் கொடுத்துட்டாங்க. ஒரு பத்திரிகைக்காரரும் வரார்."

அவர் முகம் வெளுத்தது. "பத்திரிகையா? உடனே ரத்து பண்ணு. உனக்கு வெயில் ஆகாது, முட்டி வலி வேற..."

"என் முட்டிமேல இவ்வளவு அக்கறை இன்னைக்குத்தான் வந்துச்சா?"

அவள் எழுந்துபோய், மேஜைமேல் கிடந்த அவருடைய அலுவலகக் கோப்பைத் திறந்து சத்தமாக வாசித்தாள்.

"'மேற்படி ஏரியை நேரில் ஆய்வு செய்தேன். பறவைகள் ஏதும் இல்லை. ஏரியைத் தூர்த்துக் கட்டடம் எழுப்ப ஆட்சேபணை இல்லை.' கீழே, பொறியாளர்னு போட்டு உங்க கையெழுத்து."

அவர் கோப்பைப் பறிக்கக் கை நீட்டினார்.

"ஏரிப்பக்கம் நீங்க எட்டிக்கூடப் பார்க்கலை. யார் சொல்லி எழுதினீங்கன்னு நான் கேக்க மாட்டேன். திங்கக்கிழமைதானே இதை மேல அனுப்பணும்? அதுக்கு முன்னாடி எங்ககூட வந்து எண்ணிப் பார்த்துட்டு, மாத்தி எழுதுங்க. மாட்டேன்னா எங்களோட பட்டியல் மேலயும் போகும், பத்திரிகைக்கும் போகும். அதுல அறுபத்தோரு கையெழுத்து இருக்கும். முதல் கையெழுத்து என்னோடது."