கொரியன் பைத்தியம்

"கொரியாக்காரி அழுதால் உங்களுக்கும் கண்ணீர் வருது. பெத்த பிள்ளை அழேக்கை இந்தக் கண்ணீர் எங்கையப்பா போனது?"

கமலநாயகி டிவிக்கு முன்னால் போய் நின்றாள். சோபாவில் இருந்த சிறீதரன் அவசரமாக முகத்தைத் துடைத்தார்.

"தள்ளி நில்லும். மறைக்குது."

மறைக்குதாம்! கமலநாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எட்டு மாதத்துக்கு முன், டிரெஸ்டனில் படிக்கும் மகள் கிருசாந்தி, கூடப் படிக்கும் லூக்காஸைத்தான் கட்டுவன் என்று வந்து நின்றாள். "அப்பிடியெண்டால் இனி இந்த வீட்டுப் படி மிதிக்காதை" என்றுவிட்டார் இந்த மனுசன். பெட்டை அழுதழுது ரயில் ஏறியவள்தான். வாய் திறக்காமல் நின்ற தாயிலும் அவளுக்குக் கோபம். கமலநாயகி எத்தனை தரம் போன் அடித்தும் எடுக்கவேயில்லை.

அதோடு தொடங்கியது இந்தக் கூத்து. முன்பெல்லாம் தாயும் மகளும் கொரியன் நாடகம் பார்த்தால், "உந்த ஒப்பாரியை நிப்பாட்டுங்கோ" என்று கத்துகிறவர். இப்போது பாண் சுடும் பேக்டரியில் வேலை முடிந்து வந்ததும், முகம்கூடக் கழுவாமல் அதற்கு முன்னால் குந்திவிடுகிறார். ஹனோவர் கோயிலில் அன்னதான வரிசையிலும் பெண்டுகளுக்குக் கொரியன் கதைதான். அது சரி. அறுபது வயது ஆம்பிளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு பார்ப்பதை யாரிடம் போய்ச் சொல்ல?

"உங்களுக்கு நெஞ்சில ஈரம் இருக்கே? பிள்ளை இருக்கிறாளோ இல்லையோ எண்டே தெரியாது. இந்தாள் நாடகம் பாக்குது!"

நிப்பாட்டிவிடுவோம் என்று ரிமோட்டைப் பறித்துத் திரும்பினாள்.

நாடகம் ஒன்றும் ஓடவில்லை. நாடகப் படங்கள் மட்டும் வரிசையாக நின்றன. மேலே 'கிருசாந்தி' என்று பேர்.

"என்னப்பா இது? இவளின்ர பேருக்குள்ள நிண்டு என்ன செய்யிறியள்?"

சிறீதரன் எழுந்து வந்து ஒரு படத்தின் கீழே விரலை வைத்தார்.

"பிள்ளை இப்பவும் அங்கை இருந்து, நாங்கள் மாதக்காசு கட்டுற இந்த நாடகக் கணக்கிலதான் பாக்கிறாள். எவ்வளவு பாத்தாளோ அவ்வளவுக்கு இந்தச் சிவப்புக் கோடு நீளும். வேலையால வந்தவுடன நான் முதல் பாக்கிறது இதைத்தான். கோடு நகர்ந்திருந்தால் பிள்ளை சுகமா இருக்கிறாள். பிறகு என்ர பேரில போய், அவள் பாத்ததை நானும் பாப்பன்."

"எட்டு மாதமுமோ?"

"ஓம்."

கமலநாயகி ரிமோட்டைக் கீழே வைத்தாள். இந்த மனுசனைப் போய் ஈரமில்லாதவர் என்றேனே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"நாலு நாளாக் கோடு அசையேல்லை, கமலா." அவர் கோட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை. "பதினோராம் பகுதியில, அரைவாசியில நிக்குது. ஒரு நாளும் இப்பிடி இருந்ததில்லை. பிள்ளைக்கு என்னவோ..."

"ஐயோ! அப்ப என்னத்துக்கு இன்னும் டிவியைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? போனை எடுங்கோ!"

"நான் என்ன மூஞ்சையோட அவளிட்டை..."

"மூஞ்சையும் முகரையும்! எடுங்கோ எண்டு சொல்லுறன்!"

அவர் இலக்கத்தை அழுத்தினார். கமலநாயகி போனோடு காதை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

முதல் மணியிலேயே எடுபட்டது.

"பிள்ளை... அப்பா கதைக்கிறன். சுகமா இருக்கிறியே? வருத்தம் ஒண்டும் இல்லையே?"

அந்தப் பக்கம் கிருசாந்தி விசும்பினாள்.

"எனக்கு ஒண்டும் இல்லையப்பா. நான் பாக்கிற பகுதியெல்லாம் அடுத்தநாள் உங்கட பேரிலயும் ஓடியிருக்கிறதைக் கண்டனான். பாக்கிறதை நிப்பாட்டினால் அண்டைக்கே போன் எடுப்பியள் எண்டு நினைச்சன். ஏனப்பா நாலு நாளாச் சுணங்கினியள்?"